ஜீப்பின் முன் சீட்

போன மாதம் அட்டன் பக்கம் போனபோது தோட்டத் தொழிலாளர் சங்கக் காரியாலயத்தில் எட்டிப் பார்த்தேன். இப்போது அங்கே வண்டி ஓட்டுகிற செல்வராஜ் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து டீக்கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். மேலே இருக்கிற இரண்டு பெரிய ஆட்களுக்கு ஒத்துப்போகவில்லையாம். தேர்தல் வேறு நெருங்குகிறதாம். இரண்டு பேரும் ஒரே நாளில் வண்டி கேட்கிறார்களாம்.

"அண்ணே, ஒங்க காலத்துலயும் இப்பிடி நடந்துச்சாமே. நீங்க யாருக்கு வண்டி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

அதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எழுத்து அவ்வளவு வராது. இருந்தாலும் செல்வராஜுக்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் டிரைவர் ஆன கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தேன். அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மரைக்கார் நானா தன் வேனில் கியர் போடக் கற்றுக்கொடுத்தார். லைசன்ஸ் கைக்கு வந்த சமயத்தில், உலக யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றைச் சங்கம் வாங்கியது. ஜீப் வந்தது, கூடவே நானும் வந்தேன்.

அப்போது மலைநாட்டில் சங்கம் என்றால் அது ஒன்றுதான். சுதந்திரம் கிடைத்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த கூட்டம் என்று சொல்லி எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையையும் ஓட்டையும் பறித்துவிட்டார்கள். நாட்டில் தேர்தல் நடக்கும் நாளிலும் நாங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கென்று மிஞ்சியது சங்கத் தேர்தல் ஒன்றுதான். கோயில் முன்னால் கூடி, கை தூக்கித் தோட்டத் தலைவரைத் தெரிவோம். தோட்டத் தலைவர்கள் அட்டனில் கூடி மாவட்டத் தலைவரைத் தெரிவார்கள். வேறு எங்கும் காட்ட முடியாத ஆசையையும் ஆத்திரத்தையும் எங்கள் ஜனங்கள் அங்கேதான் கொண்டுவந்து கொட்டினார்கள். சங்கத்துக்குள் வந்த சண்டை ஏன் அத்தனை சூடாக இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

எங்கள் மாவட்டத் தலைவர் வேலுச்சாமி ஐயா. எல்லாருக்கும் அவர் பெரியவர். போட்டியே இல்லாமல் வருஷக்கணக்காகத் தலைவராக இருந்தவர். கட்டையான ஆள், பேச்சும் நடையும் நிதானம். ஒரு தொழிலாளி பிராது சொல்ல வந்தால் முதலில் பிராதைக் கேட்கமாட்டார். பெயர் என்ன, எந்த லயத்து வரிசையில் வீடு, வீட்டில் யார் யார் என்று கேட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, அந்த ஆள் அதைக் குடித்து முடித்த பிறகுதான் "இப்ப சொல்லுங்க" என்பார். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனால் அவருக்கு நாற்காலி போடுவார்கள். பிராதுக்காரருக்கும் ஒரு பெஞ்சு வரும்வரை அவர் உட்காரமாட்டார். துரை முகம் சுளித்தாலும் சரி, சிரித்தாலும் சரி, அப்படியே நிற்பார். அவரிடம் குறை இல்லை என்று சொல்லவில்லை. சங்கத்தைத் தன் வீட்டுச் சமையலறை மாதிரி வைத்திருந்தார். யாரும் உள்ளே வந்து ஒரு பானையை நகர்த்தக்கூடாது.

தோட்டத்துக்குள் வண்டி போவதற்கென்று ஒரு முறை இருந்தது. முன் சீட் தலைவருக்கு மட்டும். அவர் வராத நாளில் அது காலியாகத்தான் இருக்கும். செயலாளராக இருந்தாலும் பின்னால் பக்கவாட்டுப் பலகையில்தான் உட்கார வேண்டும். கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் நான் ஹார்ன் அடிப்பேன். உடனே மேலே தப்பு மேளம் முழங்கும். அதன் பிறகு கியரை மாற்றக்கூடாது. முதல் கியரிலேயே, கூட வருகிறவர்கள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துபோக வேண்டும். வண்டி நின்றதும் முதல் மாலை மாரியம்மனுக்கு, இறங்கியதும் அடுத்த மாலை தலைவருக்கு. மலையில் நிற்கிற பெண்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. முன் சீட்டில் இருப்பவர் தலைவர், அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு.

இந்தக் கணக்கில்தான் கோளாறு வந்தது. பட்டிப்பொலவில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் பெரியவர் சேற்றில் வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் நோட்டன் பிரிட்ஜுக்கு அப்பால் உள்ள கருங்கல்லுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். காலை மடக்க முடியாமல் பின் பலகையில் நீட்டிக்கொண்டு படுத்தார். செயலாளர் குணசேகரத்துக்குப் பின்னால் இடமில்லை, முன்னால் உட்காரச் சொன்னார் பெரியவர். குணசேகரம் கங்காணி வீட்டுப் பிள்ளை. ஸ்கூல் மாஸ்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர். சட்டம் படித்தவர், இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு மழை என்பதால் ஜீப்பின் தார்ப்பாய்களை இறக்கி விட்டிருந்தோம். பெரியவர் உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை.

வளைவில் ஹார்ன் அடித்தேன். தப்பு முழங்கியது. குணசேகரம் ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. "நான் இல்லீங்க, நான் இல்லீங்க" என்று அவர் சொன்னது தப்புச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. தார்ப்பாய்க்குள்ளிருந்து பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வருகிறபோது குணசேகரம் அந்த மாலையைப் பின்னால் கொடுக்கவில்லை. அட்டன் வரும்வரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். அதைப் பெரியவரும் பார்த்தார். சிரிப்பு அத்தோடு நின்றது.

அடுத்த மாவட்டத் தேர்தலில் தானும் நிற்கப்போவதாகக் குணசேகரம் அறிவித்தபோது காரியாலயத்தில் பாதிப் பேருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மீதிப் பேர் ரகசியமாகச் சந்தோஷப்பட்டார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் முன்னுக்கு வர வேண்டும், ஒருவரே ஆயுசுக்கும் தலைவராக இருந்தால் சங்கம் துருப்பிடிக்கும் என்றார். பெரியவர் பக்கத்து ஆட்களோ, நேற்று வந்தவனுக்கு இன்றைக்கு மாலை கேட்கிறது என்று கரித்துக் கொட்டினார்கள்.

முதலில் குணசேகரம் வாடகைக் காரில் பிரசாரத்துக்குப் போனார். கார் ஏறி வந்தால் லயத்து ஜனங்களுக்கு என்ன தெரியும்? தோட்டத்து ஆபீசுக்குப் புது கிளாக்கர் வருகிறார் என்று நினைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவருக்கு அழாத குறை. ஜீப் சங்கத்தின் சொத்து, தனக்கும் வேண்டும் என்று கமிட்டியில் சண்டை பிடித்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி வாரம் என்று முடிவானது. அவர் முறை வந்த நாளில் அவரும் முன் சீட்டில்தான் ஏறினார். ஒரே ஜீப்பில் இரண்டு தலைவர்கள் மாறி மாறி வரவும் தோட்டங்களில் ஜனங்கள் குழம்பிப்போனார்கள்.

பெரியவருக்கு ஒரு விதி உண்டு. கொழுந்து பறிக்கிற நேரத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டு எந்தத் தோட்டத்துக்குள்ளும் நுழையமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போவார், இல்லையென்றால் சாயந்தரம் கொழுந்தை எடை போட்ட பிறகு போவார். குணசேகரத்துக்குக் கிடைத்ததோ வாரநாள். ஒரு நாள் காலையில் கருங்கல்லுத் தோட்டத்து வளைவில் என்னை ஹார்ன் அடிக்கச் சொன்னார். நேரம் சரியில்லை என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அடித்தேன்.

அந்தத் தோட்டத்தில் தப்பு அடிப்பவர் சிவனு. விடியற்காலையில் ஜனங்களை, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குக் கூப்பிடும் தப்பும் அவருடையதுதான். அது துரை கொடுத்த வேலை. ஜீப் ஹார்ன் கேட்டால் அடிக்கும் தப்பு, சங்கத்துக்காக அவராக அடிப்பது. லயத்துக்குப் பக்கத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் ஹார்ன் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டுத் தப்பை எடுத்தார். தப்பு கேட்டதும் மலையிலிருந்த பெண்கள் பாதிக் கூடையோடு கீழே இறங்கினார்கள். இரண்டு மலைக் கொழுந்து அப்படியே நின்றுபோனது. துரை மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். குணசேகரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. தப்பு அடித்தது யார் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சிவனுவுக்கும் அவர் மனைவி பாப்பாத்திக்கும் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு. வெளியில் இருப்பவர்களுக்கு இதன் பாரம் தெரியாது. பத்துச்சீட்டில் காரணம் எழுதியிருந்தால் வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. காம்பரா போனால் ஒதுங்கக் கூரை இல்லை. பிரஜாவுரிமையும் இல்லை. மிச்சம் இருக்கிற வழி இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதுதான். சிவனு அந்த நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர் தகப்பனார் பிறந்ததே கருங்கல்லுத் தோட்டத்து லயத்தில்.

சங்கம் பேச்சுவார்த்தை கேட்டது, துரை நாள் கொடுத்தார். தேர்தல் கிட்டத்தில் இருந்தது. சிவனுவின் வழக்கை யார் வெல்கிறாரோ அவருக்குத்தான் அந்தப் பக்கத்துத் தோட்டத் தலைவர்கள் கை தூக்குவார்கள் என்று அட்டன் முழுக்கப் பேச்சு. இரண்டு பேரும் நான்தான் போவேன் என்றார்கள். கடைசியில் இரண்டு பேரும் வந்தார்கள். முன் சீட்டில் யார் ஏறுவது என்று வண்டியடியில் தயங்கி நின்றுவிட்டு, இரண்டு பேருமே பின்னால் ஏறி எதிரெதிராக உட்கார்ந்துகொண்டார்கள். காலிச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வண்டி ஓட்டினேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு, கண்ணில் பட்ட குழியில் எல்லாம் வேண்டுமென்றே இறக்கினேன்.

ஆபீஸ் வாசலில் துரை நின்றுகொண்டிருந்தார். சங்கத்துக்காகப் பேசுவது யார் என்று கேட்டார். "நான்" என்றார் பெரியவர். அதே நேரத்தில் "நான்" என்றார் குணசேகரம். துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "ஒரு ஆள் ஆயி வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசலில் சிவனு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பேசியது பாப்பாத்திதான். குரலை உயர்த்தவும் இல்லை.

"யாரு தலைவருன்னு நீங்க தேர்தல்ல பாத்துக்குவீங்க, சாமி. மாசக் கடைசில நாங்க எங்க போயி படுக்கிறது? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் பெரியவர் காரியாலயத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். குணசேகரம் தங்கியிருந்த வீட்டுக்கு என்றார். நல்ல மழை. வீட்டு வாசலில் பெரியவர் இறங்கி, குடையும் இல்லாமல் நின்று, ஜீப்பின் முன் பக்கத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குணசேகரம் வெளியே வந்து பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏறுங்க செயலாளர். முன்னால ஏறுங்க. தொரைகிட்ட ஒரு ஆளுதான் பேசணும். அது நீங்களா இருக்கட்டும். ஒங்களுக்குச் சட்டம் தெரியும்."

"நீங்க?"

"நான் பின்னால இருக்கேன். இந்தக் காலு முன்னால மடங்க மாட்டேங்குது."

கால் குணமாகி மாதக்கணக்காகிவிட்டது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். முன் சீட்டில் குணசேகரத்தை மறுபடி கருங்கல்லுக்குக் கூட்டிப்போனால் தேர்தல் என்ன ஆகும் என்பதும் தெரியும். நான் பெரியவர் பக்கத்து ஆள், அதை மறைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அன்றைக்கு மலையில் நின்ற பெண்கள் எல்லாரும் முன் சீட்டைப் பார்த்தார்கள்.

துரையின் ஆபீசுக்குள் குணசேகரமும் சிவனுவும் போனார்கள். சிவனுவுக்கு ஒரு பெஞ்சு கேட்டார்கள், வரவில்லை. குணசேகரம் நாற்காலியில் உட்காராமல் நின்றே பேசினார். அதை யாரிடம் கற்றார் என்று சொல்லத் தேவையில்லை. பெரியவர் வெளியே ஜனங்களோடு நின்றார். உள்ளே நடந்தது எல்லாம் இங்கிலீஷ். கதவோரம் நின்ற பெரிய கிளாக்கர் நல்ல மனுஷர், எங்களுக்கு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தப்பு கேட்டால் வர வேண்டும் என்று இந்த ஜனங்களைத் தினமும் பழக்கியது தோட்ட நிர்வாகம், பழகியபடி வந்தவர்கள் மேல் என்ன குற்றம் என்று குணசேகரம் கேட்டாராம். துரை மசியவில்லையாம். அதற்குப் பிறகு குணசேகரம் சொன்னதைத் தமிழில் சொல்ல கிளாக்கருக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. ஹார்ன் அடிக்கச் சொன்னது நான், டிரைவர் அடிக்க வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை, தண்டனை கொடுப்பதென்றால் எனக்கு இந்தத் தோட்டத்துக்குள் வரத் தடை போடுங்கள், இந்த ஆளை விட்டுவிடுங்கள் என்றாராம். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சிவனுவுக்கும் பாப்பாத்திக்கும் வேலைக்குப் பெயர் திரும்பப் பதிவார்கள், காம்பராவும் அவர்களுக்கே. ஆனால் இனிமேல் அந்தத் தோட்டத்து மண்ணில் எந்தத் தலைவருக்கும் தப்பு அடிக்கக்கூடாது. துரை போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். பாப்பாத்தி அங்கேயே வாசல் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். சிவனு குணசேகரத்தைக் கும்பிட்டார். பிறகு பெரியவரிடம் வந்து, கும்பிடத் தோன்றாமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேர்தலில் குணசேகரம் ஜெயித்தார். முதல் மாலையைப் போட்டது பெரியவர். அத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பெரியவர் பக்கத்து ஆட்கள் மண்டபத்தை விட்டு எழுந்து போனார்கள். மேல்மட்டத்திலும் அதே மாதிரி ஒரு முறிவு வந்தது. வருஷம் திரும்புவதற்குள் இரண்டாவது சங்கம் கொடி ஏற்றிவிட்டது. ஒரே லயத்தில் இந்தக் காம்பராவில் ஒரு கொடி, அடுத்த காம்பராவில் வேறு கொடி. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, கல்யாணத்துக்குச் சொல்வதில்லை. துரைமாருக்கு நல்ல காலம். யார் பிராது கொண்டுபோனாலும் எந்தச் சங்கம் என்றுதான் முதல் கேள்வி. ஒரு காலத்தில் மலைநாட்டையே கட்டி ஆண்ட சங்கம் என் கண் முன்னால் பாதியாகி, அதிலும் பாதியாகித் தேய்ந்தது. இரு பக்கமும் நல்லவர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

புதுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி பெரியவரை நெருக்கினார்கள். அவர் மறுத்துவிட்டு வட்டகொடையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் லீவு நாளில் போய்ப் பார்ப்பேன். சங்கத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். சிவனு எப்படி இருக்கிறார் என்று கேட்பார். இருக்கிறார் என்றால் தலையை ஆட்டிக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில், எங்கள் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பும் பேச்சு மறுபடி மலையெங்கும் அடிபட்ட காலத்தில், பெரியவர் காலமானார். குணசேகரம் என்னைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். வட்டகொடையில் கால் வைக்க இடமில்லை. இரண்டு சங்கத்து ஆட்களும் வந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். சவப்பெட்டியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தோம். குணசேகரம் வழக்கம்போல முன் பக்கம் வந்து, ஏறுவதற்குக் கம்பியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, பின்னால் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், பலகையில் ஒடுங்கி உட்கார்ந்தார். நான் காலி முன் சீட்டோடு வண்டியை நகர்த்தினேன்.

அப்போதுதான் தப்பு முழங்கியது. கருங்கல்லுத் தோட்டத்திலிருந்து பாப்பாத்தியோடு ரயில் ஏறி வந்திருந்த சிவனு, வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அடித்தார். வட்டகொடை ரோட்டில் எந்தத் துரையின் உத்தரவும் செல்லாது. ஆனால் அவர் அடித்தது சாவுக்கு அடிக்கும் அடி இல்லை. கோயில் வளைவில் என் ஹார்னுக்குப் பதில் சொல்லி அத்தனை வருஷம் கேட்ட அடி. வயசான ஆட்கள் சிலர் கோபித்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். எழவு வீட்டில் இது என்ன அடி, மாற்றி அடி என்றார்கள்.

சிவனு கையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார்.

"தலைவரு வர்றாருங்க. வேற எப்பிடி அடிக்கச் சொல்றீங்க?"

நான் முதல் கியரிலேயே போனேன். இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்ற ஜனங்கள் வண்டிக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து நடந்து வந்தார்கள்.